கழனி மண்ணும் பூச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் மூன்றரை ஏக்கர் வைத்திருக்கிறேன். ஒரு ஏக்கர் முள்ளுக் கத்தரி, மானாவாரியில் வேர்க்கடலை, ஏரியில் தண்ணீர் நின்றால் ஒரு போகம் நெல், வரப்போரம் பதினெட்டுத் தென்னை. கடையில் விற்கும் ரசாயனப் பூச்சி மருந்தை நிறுத்திப் பத்து வருஷம் தாண்டிவிட்டது. டோல்கேட் உழவர் சந்தையில் காய் விற்க உட்காரும்போதும், டீக்கடையிலும், கல்யாணப் பந்தியிலும்கூட அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர் கேட்டபடியே கேள்வியை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். மேலிருந்து படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் ஓடுகின்றன.

"மருந்து செடி மேலதானே படுது, மண்ணுக்கு இன்னா ஆவப்போகுது?"

தெளிப்பானிலிருந்து வருவது முழுக்க இலையில் ஒட்டுவதில்லை. கொஞ்சம் காற்றில் போகிறது, கொஞ்சம் சொட்டுகிறது, மீதியை அடுத்த மழை கழுவி இறக்குகிறது. குருணை மருந்து நேராகவே மண்ணில்தான் விழுகிறது. நம் பக்கம் கரும்புக்கும் நெல்லுக்கும் கை நிறைய அள்ளிப் போட்ட போரேட் குருணைக்கு 2020 முடிவோடு நாடு முழுக்கத் தடை வந்துவிட்டது. போட்ட கழனியில் அதற்கு முன்பே மண்புழு போய்விட்டிருந்தது.

மண்ணுக்குள் மண்புழு மட்டும் இல்லை. தரை வண்டு, சிலந்தி, எறும்பு, பூஞ்சாணம் எல்லாம் இருக்கின்றன. பல பூச்சிகள் இலையைத் தின்றுவிட்டுக் கூட்டுப்புழுவாக மாற மண்ணுக்குத்தான் இறங்குகின்றன. அங்கே அவற்றைத் தின்ன ஆள் இருந்தால் அடுத்த தலைமுறை பாதியாகும். ஆளைக் கொன்றுவிட்டால் அந்த வேலையை நீங்கள் காசு கொடுத்துச் செய்ய வேண்டும். ஒரு நல்ல மழைக்கு மறுநாள் ஓரடி நீள அகலத்துக்கு ஒரு மண்வெட்டி ஆழம் தோண்டி, எத்தனை மண்புழு என்று எண்ணிப் பாருங்கள். நான் நிறுத்திய வருஷம் என் கத்தரிக் கொல்லையில் ஒன்றுகூட இல்லை.

"இயற்கைப் பூச்சி மருந்துன்னா பஞ்சகவ்யாதானே?"

இல்லை. பஞ்சகவ்யா வளர்ச்சி ஊக்கி. பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி, அதாவது 3 சதவீதம் கலந்து தெளித்தால் செடி தெம்பாக வரும். ஜீவாமிர்தம் மண்ணுக்குப் போடுகிற தீனி. மீன் அமிலமும் அந்த வகைதான். புழு தின்றுகொண்டிருக்கும் செடிக்கு இவற்றை அடித்துவிட்டு புழு சாகவில்லை என்று கோபப்படுவதில் நியாயம் இல்லை. பூச்சிக்கு வேம்பு, மூலிகைக் கரைசல், பொறி, ஒட்டுண்ணிக் குளவி வளரும் முட்டை ஒட்டிய காகித அட்டை என்று வேறு சாமான்கள் இருக்கின்றன.

"வேப்பங்கொட்டைக் கரைசல் எப்படிப் போடறது? ஒவ்வொருத்தர் ஒரு கணக்கு சொல்றாங்க."

என் கணக்கு 5 சதவீதம். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பு நீர் என்றால் 10 கிலோ பருப்பு. ஓடு நீக்கிய பருப்பை இடித்து, துணியில் மூட்டையாகக் கட்டி, 20 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். காலையில் மூட்டையைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் பால் மாதிரி இறங்கும். வடிகட்டி, மீதித் தண்ணீர் சேர்த்து, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்து ஊற்றுங்கள். சோப்பு இல்லாவிட்டால் இலையில் ஒட்டாது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தெளிக்க வேண்டும். வேம்பில் வேலை செய்கிற சத்து வெயிலில் சிதைந்துவிடும். கரைத்தது அன்றைக்கே தீர வேண்டும்.

கொட்டையின் வயசு முக்கியம். ஆனி, ஆடியில் விழும் பழத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாக்கில் காற்றோட்டமாக வையுங்கள். மூன்று மாதம் கழிந்த கொட்டையிலிருந்து எட்டு மாதக் கொட்டை வரை நல்லது. பூஞ்சாணம் பிடித்ததைத் தூக்கிப் போடுங்கள். கோயில் மரத்தடியில் கிடப்பதைப் பொறுக்க எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் படி கணக்கில் காசு கொடுக்கிறேன். கடையில் வாங்குவதைவிட அது எனக்குச் சல்லிசு.

"வேப்பங்கொட்டை அடிச்சேன்ணா, ஒண்ணும் கேக்கலையே?"

முதலில், எத்தனை நாள் கழித்துப் பார்த்தீர்கள்? வேம்பு தொட்டவுடன் கொல்லாது. புழு தின்பதை நிறுத்தும், தோலுரிக்க முடியாமல் திணறும், தாய்ப்பூச்சி முட்டை வைக்கத் தயங்கும். மூன்று நாலு நாள் கழித்துப் புதிய இலையில் ஓட்டை விழுகிறதா என்று பாருங்கள். விரல் நீளம் வளர்ந்த புழுவுக்கு வேம்பு பெரிதாக எதுவும் செய்யாது. சின்னப் புழுவிலேயே அடிக்க வேண்டும்.

இரண்டாவது சந்தேகம் உங்கள் போர் தண்ணீர் மேல்தான். நம் மாவட்டத்தில் பல இடங்களில் தண்ணீர் கடினம், காரமும் அதிகம். சோப்பு நுரைக்காமல் திரிந்து, தயிர் மாதிரி மிதக்கும். காரத் தண்ணீரில் வேம்பின் சத்தும் சீக்கிரம் கெடும். மழைநீரோ ஏரித் தண்ணீரோ கிடைத்தால் அதில் கலந்து பாருங்கள். இலையின் அடிப்பக்கம் நனைந்ததா என்றும் பாருங்கள், பூச்சி இருப்பது அங்கேதான்.

இன்னொன்று, எனக்கு நானே செய்துகொண்டது. ஒரு கத்திரி வெயிலில் வேப்பெண்ணெயை உச்சிப் பொழுதில் அடித்தேன். பூச்சி இருந்ததோ இல்லையோ, இலை கருகியது.

"ஐந்திலைக் கரைசலுக்கு எந்த அஞ்சு இலை?"

நோட்டுப் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆடு கடிக்காத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, வாயில் வைத்தால் கசக்கும் இலை, மோந்தால் நெடியடிக்கும் இலை. இந்தக் கணக்கில் கிடைப்பதை எடுங்கள். எங்கள் பக்கம் நொச்சி, ஆடாதொடை, எருக்கு, வேம்பு, சீதா எல்லாம் வரப்பிலேயே இருக்கின்றன. சம அளவு இடித்து, மாட்டுக் கோமியத்தில் ஒரு வாரம் ஊற வைத்து வடிகட்டி, பத்து லிட்டர் டேங்குக்கு அரை லிட்டர் சேர்க்கிறேன். கோமியம் பத்து பேர் வீட்டில் பத்து விதமாக இருக்கும், அதனால் முதலில் பத்துச் செடியில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். ஊமத்தை சேர்ப்பவர்கள் கையுறை போடுங்கள், இடித்த கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

"புகையிலைக் கரைசல், கல்லுப்பு, வினிகர், இதெல்லாம் இயற்கைதானே?"

பாம்பு விஷமும் இயற்கைதான். புகையிலையில் இருக்கும் நிக்கோடின் கடும் நஞ்சு. நல்ல பூச்சியையும் சேர்த்து அடிக்கும், தெளிக்கிற ஆளுக்குத் தோல் வழியாக ஏறித் தலைசுற்றும். நான் தொடுவதில்லை.

உப்பு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். களைக்கு உப்பும் வினிகரும் கலந்து அடி என்று செல்போனில் யாரோ சொன்னதை நம்பி வரப்பெல்லாம் அடித்தவரை எனக்குத் தெரியும். களை செத்தது. உப்பு மண்ணிலேயே தங்கியது. ஏற்கெனவே உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டும் வேலூர் மண்ணில் இதைவிட மோசமான யோசனை இல்லை. சாம்பலையும் அளவாகத் தூவுங்கள். அது மண்ணின் காரத்தை ஏற்றும்.

"பூச்சியைப் பார்த்த அன்னிக்கே அடிச்சுடணுமா?"

வேண்டாம். எண்ணுங்கள். வேளாண்மைத் துறையில் இதைப் பொருளாதாரச் சேதநிலை என்பார்கள். பூச்சி தின்பதன் மதிப்பு, நீங்கள் அடிக்கும் செலவைத் தாண்டும் இடம் அது. நெல்லில் சாறு உறிஞ்சும் புகையானுக்குச் சொல்லும் கணக்கு எனக்குப் பிடித்தது: தூருக்கு, அதாவது கிளைத்த ஒரு தண்டுக்கு, ஒரு பூச்சி இருந்தால் நடவடிக்கை எடு. ஆனால் குத்துக்கு, அதாவது பல தூர் சேர்ந்த ஒரு பயிருக்கு, ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரும்வரை பொறு. ஒரு சிலந்திக்கு என்ன மதிப்பு என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இலைச்சுருட்டுப் புழுவுக்கு வளரும் பருவத்தில் பத்து சதவீத இலை சேதம் வரை பொறுக்கலாம், கதிருக்கு முன் கடைசியாக வரும் கண்ணாடி இலைப் பருவத்தில் ஐந்து.

வாரம் இரண்டு நாள், விடிகாலையில், கழனியின் ஐந்து இடத்தில் குனிந்து பாருங்கள். வரப்பிலிருந்து பார்த்துவிட்டு "பூச்சி நிறைய" என்று சொல்வது கணக்கில் சேராது.

"பொறிவண்டு நல்ல பூச்சின்றீங்க. என் கத்தரி இலையைச் சல்லடை ஆக்கிட்டு இருக்கே!"

நியாயமான கேள்வி, நானும் ஏமாந்திருக்கிறேன். பொறிவண்டுக் குடும்பத்திலேயே இலை தின்னும் ஒரு கூட்டம் உண்டு, எபிலாக்னா வண்டு. முதுகைப் பாருங்கள். அசுவினியைத் தின்னும் நல்ல பொறிவண்டு மெழுகு போட்ட மாதிரி பளபளக்கும். எபிலாக்னா மங்கலாக, மெல்லிய மயிர் போர்த்து இருக்கும், பெரும்பாலும் புள்ளிகள் நிறைய. அதன் புழு மஞ்சளாக, உடம்பு முழுக்க முள்ளோடு இருக்கும். இலையின் பச்சையை மட்டும் சுரண்டி நரம்பை விட்டுவிட்டால் அதுதான் ஆள். காலையில் மந்தமாக இருக்கும்போது கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மஞ்சள் முட்டைக் கும்பல் உள்ள இலையைக் கிள்ளிவிடுங்கள். ஒரு ஏக்கருக்கு இரண்டு பேர் ஒரு காலை வேலை.

"இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு மருந்தில்லாம காய் எடுக்கவே முடியாதுன்றாங்களே?"

நம் முள் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் அதைக் குடையும் தண்டு, காய்த் துளைப்பான் புழுவுக்கு அந்தச் சான்றிதழ் தெரியாது. இந்த ஒரு புழுவுக்காகத்தான் மரபணு மாற்றிய பி.டி. கத்தரி வந்து, 2010இல் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. வாரம் இரண்டு தரம் மருந்தடிப்பவர்கள் நம் பக்கம் உண்டு. அப்படியும் சொத்தைக் காய் வருகிறது. ஏன் என்றால் முட்டை பொரித்த சில மணி நேரத்தில் புழு தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ போய்விடும். உள்ளே போனதற்கு வெளியே அடித்து என்ன பயன்?

எனவே புழுவை விட்டுவிட்டு அதன் சுற்றை உடையுங்கள். நட்ட மூன்று வாரத்திலிருந்தே நுனி வாடிய தண்டைத் தேடி, வாடிய இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே கிள்ளுங்கள். கிள்ளியதை வரப்பில் போடக் கூடாது, சாக்கில் கட்டி வெயிலில் வையுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். சொத்தைக் காயும் அப்படியே. ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி, செடியின் உயரத்துக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டே போங்கள். பொறிக்குள் வைக்கும் பெண் பூச்சி வாசனைக் குளிகையைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கணக்குப்படி மாற்றுங்கள். ஆண் அந்துப்பூச்சி வரத்து பொறியில் கூடினால் அப்போது வேப்பங்கொட்டைக் கரைசல், முட்டை வைக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

யாரும் கவனிக்காத ஒன்று பழைய கத்தரி மார். அறுத்த செடியை அடுப்புக்கு ஆகும் என்று கழனி ஓரத்திலேயே போர் போட்டு வைப்பது நம் வழக்கம். அந்தக் காய்ந்த தண்டிலும் சருகிலும் கூட்டுப்புழு உயிரோடு இருந்து, புது நாற்றுக்கு நேராகப் பறந்து வரும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் எரித்துத் தீர்த்துவிடுங்கள். நான் இதைச் செய்யத் தொடங்கிய வருஷம்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. சொத்தை அறவே போகவில்லை. பத்துக்கு ஒன்று இன்றும் ஒதுக்குகிறேன், அது மாட்டுக்கு.

"செடி வாடுது, தண்டைப் பிளந்தா புழுவே இல்லையே?"

பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. வேர்க்கடலை வேரில் இருக்கும் நல்ல முடிச்சு தேய்த்தால் உதிரும், உள்ளே சிவந்திருக்கும். நூற்புழு முடிச்சு வேரோடு வேராக வீங்கியிருக்கும், உதிராது. நடவுக்கு முன் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, வரிசைக்கு நடுவே செண்டுமல்லி, அடுத்த போகம் கத்தரி, தக்காளி, மிளகாய் இல்லாமல் கேழ்வரகோ சோளமோ. ஒரே கொல்லையில் வருஷா வருஷம் கத்தரி போட்டால் எந்தக் கரைசலும் காப்பாற்றாது.

"வேர்க்கடலையில கம்பளிப்பூச்சி வந்தா ஒரே ராத்திரியில மொட்டை. அதுக்கு எந்தக் கரைசல்?"

கரைசல் கடைசி. சிவப்புக் கம்பளிப்பூச்சி வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகத் தூங்கும். கோடை மழைக்கு ஒரு உழவு போட்டால் அது மேலே வந்து வெயிலில் காயும், கொக்கும் மைனாவும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆடிப்பட்ட மழை பலமாகப் பெய்த ஓரிரு நாளில் அந்துப்பூச்சி வெளியே வரும். அந்தச் சில ராத்திரிகள்தான் விளக்குப்பொறிக்கு வேளை. தட்டைப்பயறு, துவரையைச் சால் விட்டு ஊடே விதைத்தால் முட்டையை அவற்றில் தேடி வைக்கும், இலையோடு கிள்ளிவிடலாம். புழு பெரிதாகிப் படையெடுத்தால் கொல்லை ஓரம் ஓரடி ஆழத்துக்குக் கால்வாய் வெட்டுங்கள். விழுந்தது ஏறாது.

இதில் ஒரு கழனிக்காரர் தனியாகச் செய்வது பாதிப் பலன்தான். ஊரே ஒரே வாரத்தில் உழுது விளக்கு வைத்தால் அடுத்த வருஷம் தெரியும்.

"உழவு மண்ணைக் கெடுக்கும்னு அன்னிக்கு சந்தையில நீங்களே சொன்னீங்க. இப்ப கோடை உழவு போடச் சொல்றீங்க?"

பிடித்துவிட்டீர்கள். அடிக்கடி உழுதால் மண்ணின் மட்கு எரிந்துபோகும், சரிவான செம்மண் அடித்துக்கொண்டு போகும். அதனால் கம்பளிப்பூச்சி வந்த கொல்லையில் மட்டும், ஒரே தரம், சரிவுக்குக் குறுக்கே. ரொட்டவேட்டர் வேண்டாம், அது மண்ணை மாவாக்கிவிடும். கட்டி கட்டியாகக் கிடந்தால்தான் முதல் மழையை மண் குடிக்கும். பூச்சி வராத கொல்லைக்கு இந்த உழவு தேவையே இல்லை.

"விளக்குப்பொறி விடிய விடிய எரியலாமா?"

சாயங்காலம் ஆறரை முதல் பத்து மணி வரை போதும். அப்புறம் வந்து விழுவதில் நல்ல பூச்சிகளும் சேரும். காலையில் தட்டில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்காதவருக்கு விளக்கே வேண்டாம்.

"ட்ரைக்கோகிரம்மா அட்டை கட்டினேன், அடுத்த நாளே எறும்பு தின்னுடுச்சு."

அட்டையில் ஒட்டியிருப்பது, பயிர்ப்பூச்சியின் முட்டையை அழிக்கும் ட்ரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவி வளர்கிற முட்டைகள். ஒரு சி.சி.யில், அதாவது ஒரு கன சென்டிமீட்டர் அளவில், ஏறத்தாழ 20,000. எறும்புக்கு அது விருந்து. காம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவி, இலையின் நிழல் பக்கம், சாயங்காலம் கட்டுங்கள். பள்ளிகொண்டாவில் மச்சான் கரும்புக்கு, இடைக்கணுப்புழுவுக்காக நாலாம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தரம், ஆறு தரம், ஏக்கருக்கு ஒரு சி.சி. கட்டுகிறார். அட்டை கட்டிய வாரத்தில் எந்தத் தெளிப்பும் கூடாது, வேம்பு உட்பட. எங்கே கிடைக்கும் என்பதை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். பொரிக்கும் தேதி தாண்டிய அட்டையைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது வெறும் காகிதம்.

"கரும்புச் சோகையை எரிச்சா பூச்சி முட்டையும் அழியுமில்ல?"

அழியும், கூடவே சிலந்தியும் நாலு வருஷ மட்கும். நேர்மாறாக, நட்ட மூன்றாம் நாள் சாலில் காய்ந்த இலையான சோகையை மூடாக்காகப் போட்டால் இளங்குருத்துப் புழு குறையும். மண் சூடு இறங்கும், ஒரு தண்ணீர் மிச்சம். மே மாதத்து வேலூரில் வெறும் மண்ணில் செருப்பில்லாமல் நின்று பாருங்கள், மண்புழுவின் கஷ்டம் புரியும்.

"தொழு உரம் போடச் சொல்றீங்க, எருக்குழியில காண்டாமிருக வண்டுப் புழுதான் நெளியுது."

உண்மை. தென்னையைக் குடையும் அந்த வண்டு முட்டை வைப்பதே மட்கும் எருவில்தான். பருமனான, வளைந்த, வெள்ளைப் புழுக்களைக் கிளறிப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். மீதிக்கு மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தை எருவில் ஈரத்தோடு தெளித்து வையுங்கள், புழுவுக்கு நோய் வந்து சாகும். எருவை வருஷக் கணக்கில் குவித்து வைக்காமல் மட்கியவுடன் கழனிக்கு ஏற்றிவிடுவது இதைவிட நல்லது.

"தென்னையில வெள்ளை ஈ, ஓலையெல்லாம் கரி. எதை அடிக்கறது?"

எதை வேண்டுமானாலும் செய்யுங்கள், கடை மருந்து அடிக்காதீர்கள். இந்தச் சுருள் வெள்ளை ஈ 2016 வாக்கில் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிப் பரவியது. அதைக் கட்டுக்குள் வைப்பது என்கார்சியா என்ற சின்னக் குளவி. மருந்து முதலில் அதைக் கொல்லும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு எட்டு, கீழ் ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தல், கரும்பூஞ்சாணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சித் தெளித்தல். காய்ந்தால் கரி செதில் செதிலாக உதிரும். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

"மருந்தை நிறுத்திட்டேன். யூரியா மட்டும் போட்டுக்கறேனே?"

போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. தழைச்சத்து கூடினால் இலை கரும்பச்சையாக, கொழகொழவென்று வரும். புகையானும் இலைச்சுருட்டும் அசுவினியும் தேடுவது அதைத்தான். ஒரு மூட்டை கூடுதலாகப் போட்டுவிட்டு அதற்கு வந்த பூச்சிக்கு மருந்து தேடுகிற கதை ஊரெல்லாம் நடக்கிறது. நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் புகையான் இன்னும் குறையும்.

"மாடு கிடையாது. மண்ணுக்கு இன்னா போடறது?"

தக்கைப்பூண்டு அல்லது சணப்பை, ஏக்கருக்கு 20 கிலோ விதை. பூக்கும் சமயம், 45 நாள் வாக்கில் மடக்கி உழுங்கள். 2024இல் தொடங்கிய 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் விதை கொடுக்கிறார்கள், வட்டார வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள். மானாவாரிக் கொல்லைக்குக் கொழிஞ்சி. ஒரு தரம் விதைத்தால் அதுவே விழுந்து முளைத்துக்கொள்ளும், மாடும் அவ்வளவாகக் கடிக்காது.

"ஏரி மண் ஓட்டலாமா?"

தாராளமாக. நம் தாத்தாக்கள் வண்டி கட்டி ஓட்டியது அதுதான். 2024 முதல் வண்டலுக்கு அனுமதி தாசில்தார் அளவிலேயே கிடைக்கிறது. செம்மண் மணற்பாங்குக் கொல்லைக்கு ஈரம் பிடிக்கும் சக்தி கூடும். ஆனால் ஊர்ச் சாக்கடையோ தோல் கழிவோ சேரும் ஏரி என்றால் ஒரு கைப்பிடி மண்ணைக்கூட எடுக்காதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

"எங்களுது பாலாத்தோரம், தோல் தண்ணி பாய்ஞ்ச பூமி. ஜீவாமிர்தம் ஊத்தினா சரியாயிடுமா?"

ஆகாது. இதில் பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசில்லை. தோல் பதனிடும் கழிவில் வருவது பெருமளவு உப்பு, சோடியம், கூடவே குரோமியம். நம் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதாக, வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கை 1996 ஆகஸ்டு தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொன்னது. இழப்பீடும் சீரமைப்பும் பற்றி அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. நுண்ணுயிர் உப்பைத் தின்னாது, குரோமியத்தை இல்லாமல் ஆக்காது.

செய்யக்கூடியது: முதலில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். கழனியில் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவத்தில் அரையடி ஆழக் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரைக் கிலோ கொடுங்கள். வரப்படி, மரத்தடி, எருக்குழி ஓரம் வேண்டாம். முடிவில் கார அமில நிலை 8.5க்கு மேல் போய், சோடியமும் கூடியிருந்தால் களர். அதற்கு ஜிப்சமும் வடிகாலும் நல்ல தண்ணீரும் மூன்றும் வேண்டும், ஒன்று குறைந்தாலும் பணம் வீண். எவ்வளவு ஜிப்சம் என்பதை அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், என்னிடம் போனில் கேட்காதீர்கள். தக்கைப்பூண்டு உப்பைக் கொஞ்சம் தாங்கும், அதில் தொடங்கலாம். குரோமியம் சந்தேகம் இருந்தால் அதையும் தனியாகப் பரிசோதிக்கக் கேளுங்கள், சாதாரண மண்வள அட்டையில் அது வராது.

"பக்கத்துக் கழனிக்காரர் அடிக்கிறாரே, என் ஒருத்தனால இன்னா ஆவும்?"

வரப்போரம் நெருக்கமாக நாலு வரிசை சோளமோ கம்போ விதையுங்கள், தெறிப்பு கொஞ்சம் அடங்கும், இரைவிழுங்கிகளுக்கு வீடும் ஆகும். அவர் கழனித் தண்ணீர் உங்களுடையதில் இறங்கினால் அந்த மடையில் மட்டும் சண்டை போடலாம். அவர் அடித்தால் பூச்சி உங்களிடம் ஓடி வரும் என்ற பயம் பாதி உண்மை. நல்ல பூச்சிகளும் ஓடி வரும். எனக்கு அடுத்த கொல்லைச் சித்தப்பா எட்டு வருஷம் சிரித்தார். போன வருஷம் இனக்கவர்ச்சிப் பொறி எங்கே வாங்கினாய் என்று கேட்டார்.

"முதல் வருஷம் விளைச்சல் விழுமா?"

விழும். எனக்குக் கத்தரியில் மூன்றில் ஒரு பங்கு போனது, இரண்டாம் வருஷமும் முழுசாக ஏறவில்லை. மண்ணில் ஆட்கள் திரும்பி வர அவ்வளவு நாள் ஆகிறது. அதனால் கடன் வாங்கிச் சாகுபடி செய்பவர் மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். அரை ஏக்கரில் தொடங்கி, முதலில் குருணையை நிறுத்துங்கள், அப்புறம் தெளிப்பை. சான்றிதழ் வேண்டும் என்றால் ஒரு வருஷப் பயிருக்கு இரண்டு, மரப்பயிருக்கு மூன்று ஆண்டு மாற்றுக் காலம் எப்படியும் உண்டு.

"சான்றிதழ் இல்லாம 'இயற்கைக் காய்'னு போர்டு வெச்சு விக்கலாமா?"

ஆண்டு விற்பனை 12 லட்ச ரூபாய்க்குள் இருக்கும் சிறு உற்பத்தியாளர், சாப்பிடுகிறவருக்கே நேராக விற்றால் சான்றிதழ் கட்டாயமில்லை. இயற்கை விளைபொருளுக்கான அரசு முத்திரையான ஜெய்விக் பாரத்தை மட்டும் போடக் கூடாது. கடைக்குக் கொடுத்தால் சான்றிதழ் வேண்டும். நான் போர்டு வைக்கவில்லை. கேட்கிறவருக்குக் கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து உடைத்துக் காட்டுகிறேன். எப்போதாவது அதில் புழு இருக்கும். இரண்டு பேர் முகம் சுளித்துப் போவார்கள், மூன்றாவது ஆள் ரெண்டு கிலோ போடச் சொல்வார்.